எந்த அக்கா?

பால் பொங்கி வரும் நேரத்தில் கூடத்தில் யாரோ பேசுவது வாசுகிக்குக் கேட்டது.

"அம்மா, காப்பி குடிச்சியாம்மா?"

பெண் குரல். பக்கத்து ஃபிளாட்டிலிருந்து யாராவது வந்திருப்பார்கள் என்று நினைத்து இன்னொரு டம்ளரை எடுத்துக் கழுவினாள். கழுவிக்கொண்டிருக்கும்போதுதான், "காப்பி"யின் கடைசி எழுத்தை அந்தக் குரல் இழுத்த விதம் அவளுக்கு உறைத்தது. அப்படி இழுப்பவள் அவள்தான். கல்யாணமான புதிதில் கதிரேசன் அதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் செய்திருக்கிறார்.

அது அவளுடைய குரல். வெளியிலிருந்து கேட்டபோது மெலிந்து, இளமையாக, யாரோ சின்னப் பெண் பேசுவதுபோல இருந்தது. பால் பொங்கி மேடையெல்லாம் வழிந்தது.

கூடத்தில் அவளைப் பெற்ற தையல்நாயகி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் அருகுப் பெட்டி. ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டமான பெட்டி அது. திரை கிடையாது, எண்கள் கிடையாது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஒரு பொத்தான். நடுங்கும் கையை அதன்மேல் வைத்தால் போதும், எங்கேயோ இருக்கும் பிள்ளையின் போனில் மணி அடிக்கும். பிள்ளை எடுத்தால் பிள்ளை பேசும். எடுக்காவிட்டால் பிள்ளையின் குரலில் பெட்டியே பேசும். அதற்கு நிரப்புக் குரல் என்று பெயர். தொண்ணூறு தாண்டியவர்களுக்குப் போனில் மணி அடித்துக்கொண்டே இருப்பதைக் கேட்பதைவிடப் பெரிய கொடுமை இல்லை என்று யாரோ கண்டுபிடித்துச் செய்த ஏற்பாடு.

ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில் இருந்துகொண்டு அந்தப் பெட்டியை வாங்கி அனுப்பியவள் வாசுகிதான். இப்போது அவளுடைய போன் அணைந்தபடி கைப்பைக்குள் கிடந்தது. விமானத்திலிருந்து இறங்கிய பிறகு அதை உயிர்ப்பிக்கவே தோன்றவில்லை. அதனால் பெட்டி பேசிக்கொண்டிருந்தது.

"பெரியவ வந்திருக்கா, தேனு," என்றாள் தையல்நாயகி பெட்டியிடம். "நேத்து வந்தா. இளைச்சுக் கருத்துப்போயிட்டா. புருஷனைப் பறிகொடுத்துட்டு வந்து நிக்கிறா, பாவம்."

"ஐயோ," என்றது வாசுகியின் குரல். "நல்லாப் பாத்துக்கம்மா அவளை."

வாசுகி அடுப்படிக்குத் திரும்பிப் போய் அடுப்பை அணைத்தாள்.

தேனு. தேன்மொழி. அந்தப் பெயரை அவர்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லிப் பல காலம் ஆகிவிட்டது.

தையல்நாயகியைக் கவனித்துக்கொள்ளும் பிலோமினா துணி எடுத்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், வாய் ஓயாதவள். வழிந்த பாலைப் பார்த்து, "விடுங்க வாசுகிம்மா, நான் தொடைக்கிறேன்," என்றாள்.

"பிலோமினா, அவங்க யார்கிட்ட பேசறாங்க?"

"உங்க தங்கச்சிகிட்டதான். ஓசூர் டீச்சர்."

"ஓசூர் டீச்சரா?"

"என்ன, கூடப்பொறந்தவங்களைத் தெரியாத மாதிரி கேக்கறீங்க! சண்டையா?" பிலோமினா துணியைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்கக் கூடாது. சின்னவங்க தினம் பேசறாங்க. பெரியவங்கதான் வெளிநாடு போனதும் பெத்தவளை மறந்துட்டாங்கன்னு இத்தனை நாளா உங்களை மனசுக்குள்ள திட்டிட்டிருந்தேன். நேத்து உங்களை நேர்ல பாத்தப்புறம்தான், சரி, அப்படிக் கெட்டவங்களாத் தெரியலைன்னு நெனச்சேன்."

"எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா. நாலு வயசுல காய்ச்சல்ல போயிட்டா."

பிலோமினா சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். போட்ட கை நெஞ்சிலேயே நின்றது.

"அப்போ அவங்க வீட்டுக்காரர் பாத்ரூம்ல வழுக்கி விழுந்தது? முட்டிவலிக்கு நான் சொன்ன எண்ணெயைத் தடவிக் குறைஞ்சிருக்குன்னு முந்தாநாள்கூடச் சொன்னாங்களே!"

"யாருக்கு முட்டிவலி?"

"டீச்சருக்கு."

வாசுகிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

*

வாசுகி தன்னைப் பெற்றவளை "அக்கா" என்றுதான் கூப்பிடுவாள். அவள் பிறந்து வளர்ந்தது உறையூரில், தையல்நாயகியின் பிறந்த வீட்டில். தையல்நாயகிக்கு நான்கு தம்பிகள். காலையில் எழுந்ததிலிருந்து "அக்கா, சட்டை எங்கே", "அக்கா, சோறு" என்று வீடு முழுக்க ஒரே கூச்சல். பேச்சு வந்தபோது குழந்தையும் "அக்கா" என்றது. எல்லாரும் சிரித்துத் தூக்கிக் கொஞ்சினார்கள். அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

அப்பாவுக்குப் பொன்மலையில் ரயில்வே குவார்ட்டர்ஸ் கிடைத்து அங்கே குடிபோன பிறகு தேனு பிறந்தாள். அவள் வாசுகியை "அக்கா" என்பாள். வாசுகி தாயை "அக்கா" என்பாள். அப்பா வேலைவிட்டு வந்து முகம் கழுவிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து "அக்கா!" என்று குரல் வந்தால் இரண்டு பேர் திரும்புவார்கள். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "எந்த அக்காவைடி?" என்பார். "உன்னைத்தான்க்கா" என்று தேனு கையை நீட்டிக் காட்டும்வரை இருவரும் அசையக் கூடாது. அது ஒரு விளையாட்டு.

தேனு போன பிறகு அந்த விளையாட்டு இல்லை. எந்த அக்கா என்று கேட்க வேண்டிய தேவையும் இல்லை.

*

மறுநாள் வாசுகி பெட்டியைச் செய்த அருகு நிறுவனத்துக்குப் போன் செய்தாள். எடுத்தவர் பெயர் ஹபீப். பதற்றப்படாத குரல்.

"அது ஏன் என் தங்கச்சியாப் பேசுது? நான் கொடுத்தது என் குரலை."

"அது தானா யாராவும் ஆகாது மேடம். அவங்க எப்படிக் கூப்பிட்டாங்களோ அதுக்கு ஒத்துப்போயிருக்கும்."

"இல்லாததையெல்லாம் பேசுதே. ஓசூருங்குது, டீச்சருங்குது."

"ஓசூர்னு சொன்னது உங்க அம்மாவா இருக்கும். அது ஆமான்னிருக்கும். ஆரம்பத்துல நாங்க அதைத் திருத்திப் பேசத்தான் பழக்கினோம். 'நான் அவ இல்லை, அவ போய்ச் சேர்ந்துட்டா'ன்னு. அதைக் கேட்ட பெரியவங்க, ஒவ்வொரு தடவையும் புதுசா சாவுச் செய்தி கேட்ட மாதிரி இடிஞ்சு உக்காந்துட்டாங்க. சாப்பிட மாட்டேன்னுட்டாங்க. அதுக்கப்புறம்தான் எதையும் மறுக்காதேன்னு கத்துக்கொடுத்தோம்."

"அப்போ யார் பேரைச் சொன்னாலும் அதுவா ஆயிடுமா?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "உங்க வீட்டுல மட்டும் இல்ல மேடம். தொண்ணூறு தாண்டினவங்க பல பேர் அந்தப் பெட்டியில பிள்ளைங்களைக் கூப்பிடறதே இல்லை. இருக்கறவங்களைவிட இல்லாதவங்களைத்தான் அதிகமாக் கூப்பிடறாங்க. குரல் கொடுத்தவங்ககிட்ட நாங்களாப் போய்ச் சொல்றதில்லை. கேட்டாச் சொல்லுவோம். அநேகமா யாரும் கேக்கறதில்லை."

வாசுகி போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டாள். அவளும் கேட்டதில்லை. கதிரேசனுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோன நாள்களில், போன் எடுத்தால் அழுகைதான் வந்தது. தொண்ணூறு வயதுக்காரியிடம் அழக் கூடாது என்று நிரப்புக் குரலுக்கு ஒப்புக்கொண்டாள். எடுக்க முடியாத நாள்களுக்கு மட்டும் என்றுதான் முதலில். பிறகு, மணி அடிக்கும்போது போன் ஒளிர்வதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். அது தானாக அணையும். அணைந்ததும் நெஞ்சு லேசாகும். அக்காவிடம் நான் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு கதிரேசனுக்குக் கஞ்சி ஊட்டப் போவாள். அப்படியே ஐந்து வருஷம்.

அன்று மாலை காய்ந்த துணியை எடுக்க வெளியே வந்தவள் நடைக்கூடத்தில் நின்றாள். முதியவர்களுக்கென்றே கட்டிய அடுக்ககம் அது. காப்பி நேரம். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு குரல் கேட்டது. அப்பா, மாத்திரை போட்டியா. அம்மா, இங்க ஒரே குளிர். தாத்தா, நான் பாஸ் பண்ணிட்டேன். வந்த அன்று இதே இடத்தில், வீடெல்லாம் பிள்ளைகள் நிறைந்திருப்பதுபோல எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நினைத்திருந்தாள்.

*

"அக்கா, அது தேனு இல்லை," என்றாள் வாசுகி. தையல்நாயகிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். வெள்ளை முடி சீப்பில் நூல்போல வந்தது.

"அப்ப யாரு? நீயா?"

வாசுகியின் கை நின்றது.

"மொத நாளே தெரியும்டி, நீ இல்லைன்னு. அம்மான்னுச்சே! நீ என்னிக்கு என்னை அம்மான்னு கூப்பிட்டே?"

பெட்டிக்குக் குரல் கொடுத்தபோது நிரப்பிய விண்ணப்பம் வாசுகிக்கு நினைவுக்கு வந்தது. தாயை எப்படி அழைப்பீர்கள் என்று ஒரு கேள்வி. அம்மா, ஆத்தா, மம்மி என்று சில சொற்கள். அக்கா என்று எழுதினால் உறவைத் தப்பாகப் போட்டிருக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பார்கள், விளக்கம் சொல்ல வேண்டும் என்று கூச்சப்பட்டு "அம்மா" என்ற சொல்லைத் தொட்டுவிட்டாள். யோசிக்கக்கூட இல்லை.

"குவார்ட்டர்ஸ்ல ஒவ்வொருத்தியும் கேப்பா, இது நீ பெத்ததா, இல்ல உன் தங்கச்சியான்னு. எனக்குச் சுருக்குன்னு இருக்கும். உனக்கு எவ்வளவோ சொல்லிப் பாத்தேன், நீ மாறலை. அதான் சின்னவ வயித்துல இருக்கறப்பவே நெனச்சுட்டேன், இவ வாயாலயாவது அம்மான்னு கேட்டுடணும்னு. சொல்லிச் சொல்லிப் பழக்கினேன். கூப்பிட்டா. போற அன்னிக்கும் அம்மான்னுதான் கூப்பிட்டா." தையல்நாயகி தலையைத் திருப்பாமலே பேசினாள். "அதுக்கப்புறம் வயித்துல பொறந்தது எதுவும் என்னை அம்மான்னு கூப்பிடலை. இத்தனை காலம் கழிச்சு ஒரு குரல் அம்மாங்குது. யாரா இருக்கும்? நீயே சொல்லு."

"அது பெட்டிக்கா."

"பெட்டின்னு தெரியாதா எனக்கு? ரேடியோவும் பெட்டிதான். உள்ள ஆள் இருந்தா பாடினாங்க? ஆனா எங்கேயோ ஒருத்தி பாடப்போய்த்தானே பாட்டு வந்துச்சு."

வாசுகி முன்பக்கம் வந்து மண்டியிட்டு உட்கார்ந்தாள். அறுபத்தேழு வயது முட்டி மளுக்கென்றது. தையல்நாயகியின் கையைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் குதிப்பவள்போல மூச்சை இழுத்துக்கொண்டு, "அம்மா," என்றாள்.

தையல்நாயகி அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"வேண்டாம்டி. சட்டையைத் திருப்பிப் போட்ட மாதிரி இருக்கு உனக்கு."

சீப்பை அவளே வாங்கி மீதித் தலையை வாரிக்கொண்டாள்.

*

பெட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டியதற்கு வாசுகி தனக்குச் சொல்லிக்கொண்ட காரணம், டாக்டரே அதைத்தான் சொல்லுவார் என்பது. எந்த டாக்டரையும் அவள் கேட்கவில்லை. ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று சொல்லச் சொன்னபோது பிலோமினா, "எனக்கு அந்தப் பொய்யெல்லாம் வராது வாசுகிம்மா, நீங்களே சொல்லுங்க," என்று ஒதுங்கிக்கொண்டாள்.

காப்பி நேரம் வந்தது. தையல்நாயகி ஜன்னலோரம் உட்கார்ந்து மடியில் கையை விரித்து வைத்துக்கொண்டாள். வாசுகி எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, பெர்த் கடற்கரையைப் பற்றி, கதிரேசன் கடைசியாகச் சிரித்ததைப் பற்றிச் சொன்னாள். ஐந்து வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் சொன்னாள். தையல்நாயகி மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சொல்வதைக் கேட்பதுபோல. நடுநடுவே கண் வாசல் பக்கம் போய் வந்தது.

சாப்பாட்டைத் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை.

"பிடிவாதம் பிடிக்காதக்கா. ஒரு வாய் சாப்பிடு."

"அன்னிக்கு அவளைக் குழியில வெச்சாங்க," என்றாள் தையல்நாயகி. "இப்ப நீ அலமாரியில வெச்சிருக்கே."

பிலோமினா கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். வாசுகி சாவியை எடுத்தாள். பெட்டியைக் கொண்டுவந்து மடியில் வைத்ததும் தையல்நாயகியின் கை பொத்தானைத் தேடிப் போனது. "அம்மா, எங்கம்மா போயிட்டே ரெண்டு நாளா?" என்று கேட்டது வாசுகியின் குரல். தையல்நாயகி அதைக் கன்னத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு அழுதாள்.

வாசுகி பார்த்துக்கொண்டு நின்றாள். அதைப் பிடுங்க முடியாது. ஆனால் அதற்குள் இருப்பது யார் என்பதை மாற்றலாம். தவறு ஒரே ஒரு சொல்லில்தான் நடந்திருக்கிறது, அதைத் திருத்தினால் எல்லாம் நேராகிவிடும் என்று தோன்றியது. பெட்டி "அக்கா" என்று கூப்பிட்டால் அது யார் என்று தையல்நாயகிக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடும். அவளை அக்கா என்று கூப்பிட்டவர்களில் மிச்சமிருப்பது ஒருத்திதான். தம்பிகள் நால்வரும் போய்விட்டார்கள்.

ஹபீப்பிடம் சொன்னாள்.

"கூப்பிடற சொல்லை மாத்தறது சுலபம் மேடம். ஓசூர் விஷயமெல்லாம்?"

"அதையும் எடுத்துடுங்க."

"எடுத்தாத் திரும்ப வராது. இந்த அஞ்சு வருஷத்துல உங்க அம்மா சொல்லிச் சொல்லிச் சேர்ந்தது. தேன்மொழிங்கற பேரு, அவங்க வேலை, வீட்டுக்காரர், ஒரு பூனை இருக்கு, எல்லாம் போயிடும். சரியா?"

பூனையைப் பற்றி வாசுகிக்குத் தெரியாது. என்ன நிறம் என்று கேட்க வாயெடுத்தாள்.

"சரி," என்றாள்.

மறுமுனையில் ஏதோ தட்டும் ஓசை. "துடைச்சாச்சு மேடம். இனிமே அது நீங்கதான்."

போனை வைத்த பிறகு அவள் கூடத்துக்குப் போகவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக் கைகளை வெகுநேரம் கழுவினாள்.

*

அடுத்த நாள் காப்பி நேரத்தில் வாசுகி தையல்நாயகியின் காலடியிலேயே உட்கார்ந்தாள். போனை வேண்டுமென்றே அணைத்து வைத்திருந்தாள். பெட்டி அக்கா என்றதும் அவள் தன்னைத் திரும்பிப் பார்ப்பாள், அப்போது இரண்டு வாசுகிகளும் ஒன்றாகிவிடுவார்கள், அதன் பிறகு பெட்டி எதற்கு, நான்தான் இருக்கிறேனே என்று சொல்லலாம். இப்படியெல்லாம் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். பிலோமினா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

தையல்நாயகி கையை வைத்தாள். சிறிது நேரம் மணி அடித்தது. நின்றது.

"அக்கா," என்றது பெட்டி.

மெலிந்த, இளமையான குரல். தன் குரல்தான் என்று வாசுகி தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

தையல்நாயகி தலையைச் சாய்த்துக் கேட்டாள். அவள் நெற்றி சுருங்கியது. வாசுகி அண்ணாந்து பார்த்தாள்.

"அக்கா, இருக்கியா?"

அப்போது தையல்நாயகியின் முகத்தில் ஒன்று மெல்லப் பரவியது. அந்த முகத்தை வாசுகி பார்த்திருக்கிறாள். பொன்மலையில், அப்பா முகம் கழுவிக்கொண்டிருக்கும் நேரத்தில், கையில் கரண்டியோடு அசையாமல் நின்று, வருகிற சிரிப்பை உதட்டுக்குள் வைத்துக்கொண்டு நிற்கும் முகம்.

"எந்த அக்காவைடி கூப்பிடறே?" என்றாள் தையல்நாயகி.

எதையும் மறுக்காதே என்று கற்றுக்கொண்ட பெட்டி. உள்ளே ஓசூர் இல்லை, பூனை இல்லை, தேன்மொழி என்ற பெயரும் இல்லை. எல்லாம் துடைத்தாயிற்று.

"உன்னைத்தான்க்கா," என்றது.

அடுப்படி வாசலில் பிலோமினாவின் கை நெஞ்சுக்குப் போனது.

தையல்நாயகி பெட்டியை இரண்டு கைகளாலும் தூக்கினாள். கனமில்லாத பெட்டிதான், ஆனால் அவள் தூக்கிய விதம் வேறு. தலை நிற்காத பிள்ளையைக் கைமாற்றுவதுபோல, அடியில் ஒரு கையைக் கொடுத்து அதை வாசுகியின் மடியில் வைத்தாள்.

"உன்னைத்தானாம்," என்றாள். "எத்தனை நாளாச்சு உன்னைக் கூப்பிட்டு. என்னன்னு கேளு."

வாசுகி பெட்டியைப் பார்த்தாள். அவளை அக்கா என்று கூப்பிட்டவர்கள் உண்டு. காய்கறிக்காரர்கள், பெர்த்தில் சங்கத்துப் பெண்கள், ஊர் வந்தால் ஆட்டோக்காரர்கள். அந்த அக்காவெல்லாம் வேறு. இது என்னுடைய குரல், நான் கொடுத்த குரல், நேற்று நானே துடைக்கச் சொன்னேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். எதுவும் நிற்கவில்லை.

"அக்கா," என்றது பெட்டி மறுபடியும். கடைசி எழுத்தை இழுத்தது. "பேச மாட்டியாக்கா?"

வாசுகியின் உள்ளங்கை பொத்தானின்மேல் தானாகப் போய் அமர்ந்தது.

"பேசறேன்டி," என்றாள். "சொல்லு, தேனு."